கடைசித் தேதி நீட்டிக்கப்படவில்லை

விலங்கியல் துறை,
உறுப்புக் கல்லூரி, நாமக்கல்.
3 ஜூலை 2025

முனைவர் கலைமணி அவர்களுக்கு,
ஒருங்கிணைப்பாளர், நிதி மற்றும் விருதுகள் பிரிவு.

வாய்மொழி வேண்டுகோள்கள் ஏற்கப்பட மாட்டா என்று உங்கள் சுற்றறிக்கையின் அடியில் ஒரு வரி இருக்கிறது. ஆகவே எழுதுகிறேன். தொலைபேசியில் பேச எனக்கும் விருப்பமில்லை. உங்கள் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறேன்.

மரியாதை இதோடு போதும். நீ செய்தது என்ன என்று உனக்குத் தெரிகிறதா, கலை?

இளம் ஆய்வாளர்களுக்குப் பெங்களூர் அறக்கட்டளை ஒன்று மூன்று வருட உதவித்தொகை தருகிறது, ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஒரே ஒரு பரிந்துரை, கடைசித் தேதி ஜூன் முப்பது என்று மே மாதம் அறிவித்தாய். சரி. நம் பல்கலைக்கழகத்தில் கடைசித் தேதி என்றால் என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? முதல் அறிவிப்பு வந்தால் கோப்பில் வைப்போம். நீட்டிப்பு வந்தால் படிப்போம். இரண்டாம் நீட்டிப்பு வந்ததும் எழுத உட்காருவோம். ‘இதுவே இறுதி’ என்று சிவப்பு மையில் வந்தபின் ஒரு வாரம் விட்டுக் கொண்டுபோய்க் கொடுப்போம். வாங்கிக்கொள்வார்கள். உன் ஆய்வேடும் என் ஆய்வேடும் அப்படித்தான் உள்ளே போயின.

என் ஆய்வு மாணவர் கோகுல்ராஜின் விண்ணப்பம் மே மாதமே தயார். முதல் தேதிக்குள் கொடுத்தால் துறையில் சிரிப்பார்கள் என்று நான்தான் வைத்திருக்கச் சொன்னேன். நீட்டிப்பு வந்துவிட்டதா என்று பார்க்க ஜூலை ஒன்றாம் தேதி சேலத்துக்கு வந்தவர், உன் அலுவலகக் கதவில் ஒட்டியிருந்ததைப் படமெடுத்து எனக்கு அனுப்பினார். ‘கடைசித் தேதி நீட்டிக்கப்படவில்லை.’

இப்படி ஒரு வாக்கியத்தை இங்கே யாரும் பார்த்ததில்லை. எங்கள் துறைத்தலைவர் அதை நீட்டிப்பு அறிவிப்பு என்றே நினைத்து, கையெழுத்துப் போட்டுச் சுற்றுக்கு விட்டுவிட்டார்.

விடுதியில் ஒரே அறையில் ஐந்து வருடம் இருந்தோம். ‘ஆன்சி, இந்தத் தடவை நிஜம்’ என்று ஒரு வார்த்தை. அதற்குமா தடை?

ஆன்சி

•

நிதி மற்றும் விருதுகள் பிரிவு,
பல்கலைக்கழக வளாகம், சேலம்.
7 ஜூலை 2025

அன்புள்ள ஆன்சிக்கு,

உன் கடிதம் வளாகங்களுக்கிடையே ஓடும் தபால் வேனில் நான்கு நாளில் வந்துசேர்ந்தது. நாமக்கல்லில் இருந்து சேலத்துக்கு நடந்தே வந்திருக்கலாம் என்று முதலில் தோன்றியது. பிறகுதான் இங்கே எதுவும் நான்கு நாளில் நடந்து நான் பார்த்ததில்லை என்பது நினைவுக்கு வந்தது. வேன் ஓட்டுநரைப் பாராட்டினேன். அவர் பயந்துவிட்டார்.

உன்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால், ஒருவரைக் கூப்பிட்டு ஒருவரை விட்டவள் ஆகியிருப்பேன். சுற்றறிக்கையில் தேதி இருந்தது. கணக்கு வாத்தியாரான நான் எழுதிய தேதி அது. அதைப் படித்துவிட்டு நான் பொய் சொல்கிறேன் என்று முடிவுசெய்தது நீ.

ஏப்ரலில் இந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் பழைய நீட்டிப்பு அறிவிப்புகளை எடுத்துப் பார்த்தேன். மலைத்துப்போனேன். கல்வெட்டுகளைப் படிப்பவர்களுக்கு இப்படித்தான் இருக்கும் போல. நேரந்தவறாமை விருதுக்கு விண்ணப்பிக்கக் கடைசித் தேதி நான்காம் முறையாக நீட்டிக்கப்பட்டிருந்தது. ஓய்வு பெற்றவர்களுக்கான பாராட்டு விழா நீண்டுகொண்டே போனதில் பாராட்டப்பட வேண்டியவர்களில் இருவர் காலமாகிவிட்டார்கள். அன்றைக்கு முடிவுசெய்தேன், என் காலத்தில் தேதி என்றால் தேதி.

விளைவை உனக்கு மட்டும் சொல்கிறேன். அறக்கட்டளையின் நிதிக்கு மொத்தப் பல்கலைக்கழகத்தில் இருந்தும் வந்த விண்ணப்பம் ஒன்றுகூட இல்லை. எல்லாத் துறைகளும் உன்னைப் போலவே காத்திருந்திருக்கின்றன. பதிவாளர் கூப்பிட்டார்.

“ஏம்மா, நீட்டிக்கலையா?”

“நீட்டிக்கலைங்க சார்.”

“அட, நெசமாவேவா?”

மேசைக்குப் பின்னால் இருந்து எழுந்து வந்து என்னைச் சுற்றிப் பார்த்தார். பரிந்துரைக்க எவரும் இல்லை என்று அறக்கட்டளைக்குக் கடிதம் போனது. கையெழுத்து என்னுடையது.

உன் மாணவருக்காக வருந்துகிறேன். எதைப் பற்றி ஆய்வு?

கலைமணி

•

நாமக்கல்
10 ஜூலை 2025

கலை,

எதைப் பற்றி என்று கேட்டாயே, அதற்காக மட்டும் பதில்.

முட்டைக்கோழிப் பண்ணைக் கொட்டகைக்குள் நீ போயிருக்க மாட்டாய். வரிசை வரிசையாகக் கூண்டுகள், பல்லாயிரம் கோழிகள். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவரின் காதில் கத்தினால்தான் பேச்சு. கோகுல்ராஜ் வெண்ணந்தூர்க்காரர். நெசவுக் குடும்பம், தறிச் சத்தத்தில் வளர்ந்த காது. கோழிகள் வெக்கையில் எழுப்பும் ஒலியைப் பதிவுசெய்யத்தான் அவரைப் புதுச்சத்திரம் பக்கம் ஒரு பண்ணைக்கு அனுப்பினேன். சாதாரணத் தலைப்பு, பட்டம் வாங்கப் போதும்.

ஒருநாள் மதியம் பதிவில் ஒரு ஓட்டை விழுந்திருந்தது. கருவி பழுது என்றேன். மறுநாளும் விழுந்தது. மூன்றாம் நாள் நானே போய் நின்றேன்.

கலை, அந்தக் கொட்டகை அடங்கியது. கடைசிக் கோழி வரைக்கும். அதைவிடச் சரியான வார்த்தை எனக்குத் தெரியவில்லை. கழுத்தைத் தூக்கி, கண் இமைக்காமல், எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி. தண்ணீர்க் குழாயில் சொட்டு விழுவது கேட்டது. என் கைக்கடிகாரம் ஓடுவது கேட்டது. எங்கள் மாதா கோயிலில் பாதிரியார் நற்கருணை அப்பத்தைத் தூக்கிக் காட்டும்போது மொத்தச் சபையும் மூச்சடக்கும், நினைவிருக்கிறதா, என்னோடு ஒரு கிறிஸ்துமஸுக்கு வந்தாயே? அது ஐந்நூறு பேர், மணியடித்துச் சொல்ல வேண்டியிருந்தது. இங்கே மணியடிக்க யாருமில்லை. பிறகு ஒரு கோழி கொக்கரித்தது, கொட்டகை பழையபடி இரைச்சலானது. தீவனம் போட்டுக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “தெனமும் நடக்கறதுதானுங்க” என்றாள்.

இதற்கு மேல் ஒன்று இருக்கிறது. கோகுல்ராஜிடம் இருப்பது ஒரே கருவி. அதை ஒருநாள் புதுச்சத்திரத்திலும் மறுநாள் நாமக்கல்லிலும் வைத்துப் பார்த்தார். இரண்டு இடத்திலும் அடங்குகிறது. ஆனால் நாமக்கல்லில் பிந்தி அடங்குகிறது. பிறகு பரமத்திப் பக்கமும் வைத்தார், தெற்கே போகப் போக இன்னும் பிந்துகிறது.

“மேடம், அது வடக்கே இருந்து பஸ்ஸேறி வர்ற மாதிரி இருக்குதுங்க. டவுன் பஸ் வேகந்தான்” என்றார்.

சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை. ஆடிக்காற்று இப்போதே தொடங்கிவிட்டது, மேற்கே இருந்து அடிக்கிறது. இது காற்றுக்குக் குறுக்கே வருகிறது.

ஒரே நாளில் ஐந்து இடத்தில் ஐந்து கருவி வைத்தால்தான் இதை யாரும் நம்புவார்கள். அதற்குத்தான் உன் அறக்கட்டளை. இந்த மாதத்தோடு அவருடைய உதவித்தொகை முடிகிறது. நாமக்கல் தீவன மில் முதலாளி பெரியசாமி வேலை தருகிறேன் என்றிருக்கிறார். ஆடிப் பதினெட்டு அன்று வந்து சேர வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள். அவர் பல்கலைக்கழகத்தில் படித்தவர் இல்லை. அவருடைய கடைசித் தேதி நீளாது.

ஆன்சி

•

சேலம்
15 ஜூலை 2025

அன்புள்ள ஆன்சிக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். விலங்கியல் துறையில் இருந்து வந்த ஒரு தாளை நான் இரண்டாம் முறை படிப்பது இதுவே முதல் தடவை.

நம்பவில்லை. மின்விசிறி நின்றிருக்கும். பருந்து பறந்திருக்கும். பண்ணைகளில் தீவனம் போடும் நேரம் தெற்கே போகப் போகப் பிந்துகிறதோ என்னவோ, அதை யாராவது பார்த்தீர்களா? ஐந்து பேரிடம் ஐந்து கைப்பேசி கொடுத்துப் பதிவுசெய்தால் போதாதா? நிதி எதற்கு?

இங்கே செய்தி: சிறந்த நிர்வாகி விருதுக்கு என் பெயர் போயிருக்கிறது. ஒரு விண்ணப்பம்கூட நிராகரிக்கப்படாத, ஒரு புகார்கூட வராத, குறித்த நாளில் கோப்பு மூடப்பட்ட ஒரே நிதித்திட்டத்தை நடத்தியவள் என்று பரிந்துரையில் எழுதியிருக்கிறார்கள். எல்லாம் உண்மை. படித்தபோது எனக்கே என் மேல் ஒரு பிரமிப்பு வந்தது.

சனிக்கிழமை பரமத்தி வேலூருக்கு அம்மாவைப் பார்க்கப் போகிறேன். பேருந்து நாமக்கல் வழியாகத்தான் போகும். இறங்கினாலும் இறங்குவேன். என் எண்ணை நீ விடுவிக்க வேண்டாம். பண்ணை எங்கே என்று ஒரு தாளில் எழுதி, தபால் வேன் ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பு. இந்தத் தடவை கேட்டால் ஒரே நாளில் கொண்டுவருவார். பாராட்டின் விளைவு.

கலைமணி

•

சேலம்
21 ஜூலை 2025

ஆன்சி,

சனிக்கிழமை உன்னிடம் ஒன்றும் சொல்லாமல் பேருந்து ஏறிவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமில்லை. பரமத்தி வேலூர் வரை ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தேன். வழியில் ஒவ்வொரு கொட்டகையையும் பார்த்துக்கொண்டே போனேன். எத்தனை கொட்டகைகள், ஆன்சி! பிறந்ததில் இருந்து அந்த ரோட்டில் போகிறேன். நாற்றம் வந்தால் மூக்கைப் பொத்துவேன், அதற்கு மேல் அவற்றைப் பற்றி நினைத்ததில்லை.

நான் விசிறிகளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன், நீ கவனித்திருப்பாய். ஓடிக்கொண்டிருந்தன. வானத்தையும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன், பருந்து இல்லை. தீவனம் போட்டு முடித்து வெகு நேரம் ஆகியிருந்தது. ஆட்சேபணைகள் எல்லாம் தயாராக இருந்தன. அப்போது அடங்கியது.

கணக்கில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. புரியாத ஒன்றைப் பார்த்தால் உடனே அதற்கு ஒரு பெயர் வைத்து ஓரமாக வைப்பேன். அன்று பெயர் வரவில்லை. அத்தனை ஆயிரம் தலைகளும் என்னைக் கடந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தன. நான் இருப்பதே அவற்றுக்குப் பொருட்டாக இல்லை. துணைவேந்தர் அறையில்கூட எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

இன்று காலை வந்ததும் செய்த முதல் வேலையை நீ நம்ப மாட்டாய். அறக்கட்டளைக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். கடைசித் தேதியை நீட்டிக்குமாறு பணிவுடன் கேட்டேன். மாலையே பதில் வந்துவிட்டது, மூன்று வரி. தேதி என்றால் தேதியாம். எனக்கு வந்த கடிதங்களிலேயே என் மனசுக்கு மிக நெருக்கமானது அதுதான். அச்செடுத்துக் கிழித்துப்போட்டேன்.

கைப்பேசி போதாதா என்ற என் கேள்விக்கு கோகுல்ராஜ் பண்ணையில் வைத்தே பதில் சொன்னார். பெரிய சத்தத்தைத் தானாகக் குறைத்துச் சின்னச் சத்தத்தைத் தானாகக் கூட்டிவிடுமாம், அமைதியே பதிவில் இருக்காதாம். சரி. ஆனால் கருவி இருக்கிறது. மார்ச் மாதம் முடிவதற்குள் நிதியைச் செலவழித்தாக வேண்டும் என்று இரண்டு வருடத்துக்கு முன் மொழி ஆய்வகத்துக்கு ஒலிப்பதிவுக் கருவிகள் வாங்கினார்கள். ஆய்வகம் இன்னும் கட்டப்படவில்லை. இன்று ஸ்டோரைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். பெட்டிகூடப் பிரிக்கவில்லை. முத்து முத்தாக இருக்கின்றன.

கருவியை வெளியே எடுக்க ஒரு நிகழ்ச்சி வேண்டும். நிகழ்ச்சிக்கு ஆட்கள் வேண்டும். ஆடிப் பதினெட்டுக்கு முன் முடித்தாக வேண்டும். யோசி.

கலை

•

நாமக்கல்
25 ஜூலை 2025

அன்புள்ள கலைக்கு,

உன் சுற்றறிக்கை வந்தது. ‘ஆகஸ்ட் 2, சனிக்கிழமை. ஒருநாள் களப் பயிலரங்கம். பங்கேற்புச் சான்றிதழ் உண்டு. பதவி உயர்வுக்குக் கணக்கில் கொள்ளப்படும்.’ நீ எழுதினாய் என்று நம்புவது கஷ்டமாக இருக்கிறது. எங்கள் கல்லூரியில் மட்டும் பத்துப் பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். கோழியைப் பார்த்தாலே தும்முகிற பொருளியல் தீனதயாளன் சார்தான் முதல் ஆள். எதைப் பற்றிய பயிலரங்கம் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

தொடக்கம் காலை ஒன்பது மணி என்று போட்டிருக்கிறாய். கோகுல்ராஜ் பதறிப்போனார். “மதியத்துக்கு மேலதானுங்க மேடம் வரும், ஒம்பதுக்கே எதுக்குங்க?” என்றார். கலைமணி மேடம் வாழ்க்கையில் முதல்முறையாகப் பொய் நேரம் கொடுத்திருக்கிறார், ஒன்பது என்று போட்டால்தான் பன்னிரண்டுக்காவது வந்து சேர்வார்கள் என்று விளக்கினேன். அவருக்கு உன்மேல் மரியாதை கூடிவிட்டது.

பிரித்துவிட்டோம். வெண்ணந்தூரில் நான். அடுத்தது புதுச்சத்திரம். நாமக்கல்லில் கோகுல்ராஜ். பிறகு பரமத்தி. கடைசியாகப் பரமத்தி வேலூரில், காவிரிக் கரைப் பக்கம் இருக்கும் கொட்டகையில் நீ. அந்தக் கொட்டகை பெரியசாமியுடையது. அனுமதி கேட்கப் போனபோது கோகுல்ராஜிடம், “அதுக்கென்ன சாமி, வெச்சுக்கங்க. ஆனா பதினெட்டாந்தேதி மில்லுக்கு வந்துருங்க. அப்பறம் கோழி அடங்குச்சு, கோட்டான் அடங்குச்சுன்னு லீவு கேக்கப்படாது” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

பையன் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒவ்வொரு இடத்திலும் எப்போது அடங்கும் என்று கணித்து எழுதி, ஐந்து பேருக்கும் கொடுத்திருக்கிறார். அது பொய்த்துப்போனால் அவர் தீவன மூட்டை எண்ணப் போவதில் எனக்கு வருத்தமில்லை என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். வருத்தமாகத்தான் இருக்கிறது. பலித்தும் போக நேர்ந்தால் அதைவிட.

ஆன்சி

•

பரமத்தி வேலூர்
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஆன்சிக்கு,

சனிக்கிழமை நடந்ததைத் தொலைபேசியில் சொல்ல இரண்டு முறை முயன்றேன். நீ ‘ஹலோ’ என்றதும் வைத்துவிட்டேன். எழுத்துதான் எனக்குச் சரி.

எங்கள் கொட்டகைக்கு ஒதுக்கிய அத்தனை பேரும் பன்னிரண்டு மணி வாக்கில் வந்துசேர்ந்தார்கள். தீனதயாளன் சார் மூக்கில் துணி கட்டியிருந்தார்.

“மேடம், சான்றிதழ் இன்னைக்கே குடுத்துருவீங்களா?”

“கையோடு கொண்டாந்திருக்கேனுங்க சார்.”

“அப்ப இப்பவே வாங்கிட்டுக் கெளம்பலாமுங்களா?”

“சாயந்திரந்தானுங்க.”

பெரியசாமி நாற்காலி போடச் சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். வாத்தியார்கள் எல்லாம் அவருடைய கோழியைப் பார்க்கக் கார் போட்டு வந்திருப்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை, நிறைய சந்தேகம்.

அப்போது என் கைப்பேசியில் உன் பெயர் வந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு. ஆற்றங்கரைப் பக்கம் ஓடிப்போய் எடுத்தேன். வணக்கம்கூடச் சொல்லவில்லை நீ. “கலை, இங்க அடங்கிருச்சு. கெளம்பிருச்சு” என்றாய். அந்தக் காலத்தில் ஊருக்குப் போன அண்ணனை பஸ் ஏற்றிவிட்டு வந்து சொல்வது மாதிரி. பிறகு புதுச்சத்திரம். பிறகு கோகுல்ராஜ்: “நாமக்கல்லத் தாண்டிருச்சுங்க மேடம்.” பிறகு பரமத்தி. ஒவ்வொரு முறையும் அவர் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் கடிகாரத்தைப் பார்த்தேன். நான் கணக்குப் படித்தவள், ஆன்சி. விடை சரியாக வந்தால் மகிழ்ச்சிதான் வரும். பயம் வந்தது அன்றைக்குத்தான்.

எல்லாரையும் உள்ளே வரச் சொன்னேன். அந்த இரைச்சலில் ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்கவில்லை. தீனதயாளன் சார் என் காதருகே வந்து ஏதோ கத்திக்கொண்டிருந்தார். சம்பளக் கமிஷன் பற்றி என்று நினைக்கிறேன். கத்திக்கொண்டிருந்தவருடைய குரல் மட்டும் திடீரென்று தனியாகக் கேட்டது, முழு வாக்கியமாக, கொட்டகையின் அந்தக் கோடி வரைக்கும். அவர் வாயை மூடிக்கொண்டார். மூக்குத் துணியை மெதுவாக அவிழ்த்தார்.

அத்தனை தலைகளும் வடக்கே இருந்து தெற்கே திரும்பின. நான் பார்த்தேன். போகிற ஒன்றை வழியனுப்புவது போல.

தாளில் இருந்த நேரம்தான். நம் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் குறித்த நேரத்துக்கு வந்த ஒன்றை நான் முதன்முதலாகப் பார்த்தேன். அதற்கு யாரும் சுற்றறிக்கை அனுப்பவில்லை.

சத்தம் திரும்பியதும் எல்லாரும் வெளியே வந்தோம். சான்றிதழ்கள் இன்னும் என் பையில்தான் இருக்கின்றன. ஒருவர்கூடக் கேட்கவில்லை.

பெரியசாமிதான் முதலில் வாய் திறந்தார். “முப்பது வருசமா இந்தக் கொட்டாயி வெச்சிருக்கறனுங்க அம்மிணி. உச்சிப் பொழுதுக்கு மேல இந்தப் பக்கம் வந்ததேயில்ல. மில்லுலதான் இருப்பேன்.” ஆற்றுப் பக்கம் திரும்பினார். ஆடிப் பெருக்கில் காவிரி இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. “இது எங்கீங்க போகுது?”

“தெரியலைங்க.”

“ஆத்தத் தாண்டுமுங்களா?”

“தெரியலைங்க. அந்தப் பக்கம் யாரும் கருவி வெச்சுப் பாத்ததில்லை.”

கைப்பேசியை எடுத்துக் கோகுல்ராஜைக் கூப்பிட்டார். நான் பக்கத்திலேயே நின்றேன், ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். “சாமி, நாளைக்கு மில்லுக்கு வர வேண்டாமுங்க... அட, அழுவாதீங்க, வேல இல்லைன்னு சொல்லுல. வேல இருக்குது. இது எங்க போகுதுன்னு பாக்கறதுதான் வேல. சம்பளம் இந்த மாசத்துலேயே ஆரம்பம். மில்லுல எப்ப வேணா சேந்துக்கலாம். அவசரமில்லீங்க. எத்தன வருசம் ஆனாலுஞ் சரி, ஆத்தத் தாண்டுதான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க.”

நீட்டிப்புகளை ஒழிக்கத்தான் இந்த நாற்காலிக்கு வந்தேன். இதை எதிர்த்து எழுத எனக்கு ஒரு வரிகூட வரவில்லை.

அப்புறம் கிளம்பலாம் என்று திரும்பினேன். யாரும் கிளம்பவில்லை. கரை ஓரத்தில் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். அக்கரையில், வாழைத் தோப்புக்கு அப்பால், ஒரு கொட்டகையின் தகரக் கூரை வெயிலில் மின்னியது. அங்கே இருந்து எந்தச் சத்தமும் இங்கே எட்டாது, அது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ஒவ்வொருவரும் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு ஆற்றைப் பார்த்து நின்றார்கள். நானும் போய் நின்றேன்.

கலை